பழைய மரமா, புதிய மரமா: ஒரு பத்தி இறக்குவதற்கு முன்னர் செய்த ஒப்பீடு

கடந்த சித்திரை மாதத்தில், எமது வீட்டின் பின்புறமாகக் குசினிச் சுவரை ஒட்டி ஓர் ஓட்டுப் பத்தி, அதாவது சுவரிலிருந்து சாய்வாக இறங்கும் கூரையோடு கூடிய ஒரு சிறு பகுதி, இறக்குவதென்று தீர்மானித்தோம். நீளம் 20 அடி, அகலம் 10 அடி. அதற்குள் ஒரு களஞ்சிய அறை, விறகும் தோட்டச் சாமான்களும் வைப்பதற்கு ஓர் இடம், வளவுப் பக்கமாக வெளியேற ஒரு கதவு, குசினிக்குள் இரண்டொரு தட்டுகள். பெரிய வேலையன்று. ஆயினும் மரத்தை எங்கிருந்து எடுப்பது என்ற கேள்வி மூன்று கிழமைகள் எங்களை அலைக்கழித்தது. மரக்காலையில் புதிய மரம் வாங்கலாம். இடிக்கப்படுகின்ற பழைய வீடொன்றின் கைமரங்களையும் (கூரையின் சாய்வு மரங்கள்) கதவு நிலைகளையும் வாங்கலாம். கொங்கிறீற் போட்டு முடிந்த இடங்களில் கழித்துவிடப்படும் பலகையையும் பிளைவூட்டையும் மலிவாக எடுக்கலாம். மொத்த வியாபாரக் கடைகளின் பின்புறத்தில் அடுக்கிக் கிடக்கும், சரக்கேற்றி வரும் பலற் மரத்தட்டுகளைப் பிரித்துப் பலகையாக்கலாம். மரமே வேண்டாமென்று பெட்டி இரும்பில் கூரையை ஏற்றிவிடவும் செய்யலாம். இவற்றுள் எதையும் முழுதாக ஒதுக்கவோ, ஒன்றையே எல்லாவற்றுக்கும் பாவிக்கவோ கூடாது என்பதே வேலை முடிந்த பின்னர் எனக்கு எஞ்சிய தெளிவு. கூரைக்கு ஏற்ற பழைய பொருள் ஒன்று, குசினித் தட்டுக்குப் பொருந்தாத பழைய பொருள் இன்னொன்று. அந்த வேறுபாட்டை விளங்கிக்கொண்டால் பணமும் மிஞ்சும், வீடும் நிலைக்கும்.

யாழ்ப்பாணத்தில் பழைய மரம் பாவிப்பது புதுமையான எண்ணமன்று. 1990களின் முற்பகுதியில் பொருளாதாரத் தடை காரணமாகச் சீமெந்து கிடைக்காமற்போன காலத்தில், வளைந்த ஆணியைக் கல்லில் வைத்து நிமிர்த்தி மறுபடியும் அடித்த தலைமுறை எமது பெற்றோருடையது. 2022இல் ஒரு டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்கு மேல் ஏறியபோது இறக்குமதிப் பலகை, பிளைவூட், இரும்பு ஆகிய எல்லாவற்றின் விலையும் கூடவே ஏறிற்று. 2024 தை மாதம் முதல் பெறுமதிசேர் வரி 18 வீதமானது. ஆகவே பழைய மரத்தைத் தேடுபவர்கள் மீண்டும் பெருகியிருப்பதில் வியப்பில்லை. வியாபாரிகளும் இதை அறிவார்கள். பழையது என்பதனால் மலிவாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கையோடு போகிறவர், கணக்குத் தெரியாமற் போனால் புதிய மரத்தின் விலையையே வேறு உருவத்தில் கொடுத்துவிட்டு வருவார்.

எனவே முதலில் கணக்கு. மரம் கன அடியில் விற்கப்படுகிறது: அகலத்தையும் தடிப்பையும் அங்குலத்திலும் நீளத்தை அடியிலும் அளந்து, மூன்றையும் பெருக்கி 144 ஆற் பிரித்தால் கன அடி வரும். நாலுக்கு இரண்டு அங்குல மரம் 18 அடி நீளமிருந்தால் சரியாக ஒரு கன அடி. எமது பத்திக்கு 2 அடிக்கு ஒன்றாக 11 கைமரங்கள், ஒவ்வொன்றும் 12 அடி நீளம், இது 7.3 கன அடி. ஓட்டுக்குக் கீழே ஏறக்குறைய 12 அங்குல இடைவெளியில் 13 வரிசைச் சிலாகை (ஓடு உட்காரும் குறுக்குச் சட்டம்), ஆக 260 அடி. இரண்டுக்கு ஒன்று அங்குலமென்றால் 3.6 கன அடி. மொத்தம் 11 கன அடிக்குச் சற்றுக் குறைவு. புதிய மரமாயின் இந்த அளவோடு சிறிது சேதாரம் சேர்த்தாற் போதும்.

பழைய மரத்தில் இந்தக் கணக்கு அப்படியே செல்லாது. நாலுக்கு இரண்டு பழைய மரமொன்றின் நான்கு பக்கத்தையும் கால் அங்குலம் சீவிப் புது முகம் எடுத்தால் எஞ்சுவது மூன்றரைக்கு ஒன்றரை. அதாவது எட்டுப் பங்கில் ஐந்தேகால், மூன்றிலொரு பங்கு மரம் சீவலாகக் கீழே விழுந்துவிடுகிறது. நுனிகளில் உக்கிய பகுதியை வெட்டினால் ஒவ்வொரு மரத்திலும் ஓர் அடியோ ஒன்றரை அடியோ போகும். ஆணி பிடுங்க ஓர் ஆளுக்கு ஒரு நாளோ இரண்டு நாளோ கூலி. லொறி வாடகை, ஏற்றி இறக்கும் கூலி ஆகியன தனி. ஆகையால் பழைய மரத்தின் விலையை, கொடுத்த பணத்தை வாங்கிய கன அடியாற் பிரித்துப் பார்க்கக் கூடாது. சீவி, வெட்டி, ஆணி பிடுங்கி, கையில் எஞ்சிய கன அடியாற் பிரித்துப் பார்க்க வேண்டும். நான் முதலிற் கண்ட ஒரு மரக்குவியல், கேட்ட விலையில் புதியதிலும் பாதியாகத் தெரிந்தது. இந்தக் கணக்கின்படி பார்த்தபோது வித்தியாசம் மிகச் சொற்பமாகிவிட்டது. அதை வாங்கவில்லை.

அடுத்ததாகப் பார்த்தது, நூறு ஆண்டுக்குக் குறையாத, நடுமுற்றம் வைத்த நாற்சார் வீடொன்றின் ஒரு பக்கக் கூரை. உரிமையாளர்கள் வெளிநாட்டில், இங்கிருக்கும் உறவினர் பழுதடைந்த பக்கத்தை இறக்கிக்கொண்டிருந்தார். கைமரம், சிலாகை எல்லாம் பனை. இங்கேதான் ஒப்பீட்டின் போக்கு மாறியது.

பனை மற்ற மரங்களைப் போன்றதன்று. வேம்போ முதிரையோ நடுவில் கடினமான வைரமும் சுற்றிவர வெண்மையான இளமரமும் கொண்டது. பனையிலோ வைரம் வெளிப்புறத்தில் இருக்கும், உள்ளே இருப்பது மென்மையான சோற்றி. கரிய நார்கள் வெளிவட்டத்தில் நெருங்கியும் உள்ளே செல்லச் செல்ல ஐதாகியும் அமைந்திருக்கின்றன. அடிமரத்தில் உறுதி கூடுதல், மேலே போகக் குறையும். ஆகவே முதிர்ந்த பனையின் அடிப்பாகத்து வெளிவட்டத்திலிருந்து அறுத்த கைமரமும், இளம்பனையின் நுனியிலிருந்து அறுத்த கைமரமும் பெயரளவில் மட்டுமே ஒன்று. இன்று மரக்காலையில் புதிதாக அறுத்துக் கிடைக்கும் பனையில் இரண்டும் கலந்தே வருகின்றன. யுத்த காலத்தில் பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்கும் தறிக்கப்பட்ட பனைகளின் தொகையை எண்ணிப் பார்த்தால், முதிர்ந்த பனை ஏன் அரிதாயிற்று என்பதை விளக்கத் தேவையில்லை. ஒல்லாந்தர் ஆட்சிக் காலத்தில் கப்பலேற்றி வெளியூர்களுக்கு அனுப்பப்பட்டவை இந்தக் குடாநாட்டின் பனங்கைமரங்கள். அந்தத் தரத்திலான மரத்தை இன்று தேட வேண்டிய இடம் எங்கள் பழைய வீடுகளின் கூரைதான்.

பழைய பனங்கைமரத்தின் மேன்மை இதிலேயே அடங்கியிருக்கிறது. கறையானும் காலமும் ஏற்கெனவே அதைச் சோதித்துவிட்டன. இளமரமாக இருந்திருந்தால் எப்போதோ உளுத்துக் கொட்டியிருக்கும். எழுபது எண்பது ஆண்டுகள் ஓட்டின் பாரத்தைத் தாங்கிய பின்னரும் நேராக இருப்பது, இனியும் நிற்கும் என்பதற்குப் போதிய சான்று. புதிய மரத்தை வாங்கும்போது நாம் விற்பவரின் வாக்கை நம்புகிறோம். பழைய பனையை வாங்கும்போது மரத்தையே கேட்டுப் பார்க்கலாம்.

அப்படிக் கேட்கும் முறையை எமது தச்சர் காட்டித் தந்தார். மரத்தை இரண்டு கல்லின் மேல் கிடத்தி, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அடிக்கொரு தரம் சுத்தியலால் தட்டிக்கொண்டு போனார். நல்ல இடத்தில் ‘ணங்’ என்று ஒலித்தது. சுவருக்குள் புதைந்திருந்த முனைக்கு வந்ததும் ஒலி அடைத்து, சாக்கைத் தட்டியது போலாயிற்று. அந்த இடத்தில் திருப்புளியை அழுத்தியபோது அது இரண்டு அங்குலம் தடையின்றி இறங்கியது. சுவர்த் தலைப்பில் ஈரம் ஊறும் இடம் அதுவே. பெரும்பாலான பழைய கைமரங்கள் அங்கே மட்டுமே கெட்டிருக்கும். வெட்டிவிட்டால் எஞ்சிய பகுதி பழுதற்றது. பின்னர் மரத்தின் ஓரத்தில் கண்ணை வைத்து நீளவாட்டில் நோக்கி முறுக்கு இருக்கிறதா என்று பார்த்தார். மெல்லிய வளைவு குற்றமில்லை. வளைவை மேற்புறமாக வைத்து ஏற்றினால் ஓட்டின் பாரம் அதை நிமிர்த்தும். முறுக்கியிருந்தால் சிலாகை சமனாக உட்காராது, ஓடு ஆடும், மழை ஒழுகும். கடைசியாகச் சிறு துளைகள். துளை மட்டும் இருந்தால் பூச்சி எப்போதோ வந்து போயிருக்கலாம். மரத்தைத் தட்டும்போது துளையிலிருந்து வெளிறிய புதிய மா கொட்டினால் பூச்சி இன்னும் உள்ளேயே இருக்கிறது, அந்த மரத்தை வீட்டு வளவுக்குள் கொண்டுவரவே கூடாது.

பதினாறு கைமரங்கள் வாங்கினோம். ஒவ்வொன்றின் மேல் முகத்திலும் சிலாகை அடித்த ஆணிகள் வரிசையாக, கறள் பிடித்து, தலை உதிர்ந்து நின்றன. இழுத்தால் முறியும் ஆணியை இழுக்க முயலாமல், கறளை உடைப்பதற்கு முதலில் ஒரு தட்டுத் தட்டி உள்ளே செலுத்தி, பின்னர் அலவாங்கின் நுனியால் கிளப்ப வேண்டும். அப்படியும் முறிந்தவற்றைத் துளையிட்டு எடுத்தோம். பிடுங்கி முடிந்துவிட்டது என்று நினைத்த மரத்தின் மேல், பழைய ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தத்தைத் தச்சர் மெதுவாக இழுத்துக்கொண்டு போனார். ஓர் இடத்தில் அது பற்றிக்கொண்டது. ஆணி வரக்கூடிய இடமன்று, மரத்தின் பக்கவாட்டு. உளியால் தோண்டியபோது, சுண்டுவிரல் நகமளவில் கூர்மையான கருத்த இரும்புத் துண்டொன்று வந்தது. ஷெல் துண்டு. அதைச் சுற்றி மரம் ஓர் அங்குலத்துக்குக் கருநீலமாகக் கறை பிடித்திருந்தது. வாள் அதில் பட்டிருந்தால் பல்லு தெறித்திருக்கும். யந்திர வாளாயின் தெறிப்பது கண்ணிலும் படலாம். எங்கள் பிரதேசத்து மரத்தை, பழையதாயினும் வளவில் நிற்பதாயினும், காந்தம் வைத்துப் பாராமல் வாளுக்குக் கொடுக்க வேண்டாம் என்பதை இதனாலேயே அழுத்திச் சொல்கிறேன். சில அரிவு ஆலைகள் இத்தகைய மரத்தை எடுக்கத் தயங்குவதற்கும் காரணம் இதுவே.

பனையிற் குறைகளும் உண்டு. சீவுளிக்கு எளிதில் இணங்காது. நார் கிளம்பும், கையில் சிலாம்பு ஏறும். துளையிடாமல் ஆணி அடித்தால் பிளக்கும். ஆகவே சிலாகை ஒவ்வொன்றுக்கும் முன்னதாகத் துளையிட்டோம். பழைய ஆணித் துளைகள் மேலே வந்து மழைநீர் இறங்காதபடி கைமரத்தைப் புரட்டி வைத்தோம். இதனால் தச்சருக்கு ஒரு நாள் கூடுதலாகச் சென்றது. தளபாடத்துக்கோ, மெல்லிய வேலைப்பாட்டுக்கோ பனையை எண்ணவே வேண்டாம். கூரைக்கு, அதுவும் காற்றோட்டமான ஓட்டுக் கூரைக்கு, இதனோடு போட்டியிடக் கூடிய புதிய மரம் அதே விலையில் எனக்குக் கிடைக்கவில்லை. சிலாகையின் நிலை வேறு. பழைய பனஞ்சிலாகை ஆணித் துளைகளால் சல்லடையாகியிருந்தது. இறக்கும்போதே பாதி முறிந்தது. அதைப் புதிதாகவே வாங்கினோம்.

பழைய நிலைகளையும் கதவுகளையும் ஒப்பிடுவது இதைவிட எளிது. முதிரை, பாலை, வேம்பு ஆகியவற்றில் செய்த பழைய நிலை ஒன்று நல்ல நிலையிற் கிடைத்தால், அதை விட்டுவிட்டுப் புதிய நிலை செய்விப்பதற்கு நியாயமே இல்லை என்பது என் எண்ணம். வன்னிக் காடுகளிலிருந்து வந்த முதிரையும் பாலையும் இன்று அனுமதியோடு வாங்கும்போது தலைசுற்ற வைக்கும் விலை. வேம்பு, தன் கைப்பினாலேயே பூச்சியை ஓரளவு விலக்கும். கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, அளவு: பழைய கதவுகள் பல இன்றைய கதவுகளிலும் உயரம் குறைந்தவை, குனிந்து நுழையச் செய்தவை. சுவர் கட்டிய பின்னர் நிலை தேடாமல், நிலையை வாங்கிவைத்துவிட்டு மேசனாரிடம் அளவு சொல்ல வேண்டும். மற்றையது, வர்ணம். பத்துப் பதினைந்து பூச்சு ஏறிய பழைய எனாமல் வர்ணத்தில் ஈயம் இருக்கக்கூடும். அதை உலர்ந்தபடியே உரசினால் தூசு காற்றில் பரவும். சூடாக்கிச் சுரண்டினால் புகையாக வரும். பிள்ளைகள் இல்லாத வேளையில், வெளியே, ஈரமாக்கி, மூக்கை மூடிக்கொண்டு சுரண்டி, விழுந்த சிராய்களைப் பொலித்தீனில் சேர்த்துக் கட்ட வேண்டும். கிணற்றடிப் பக்கம் கழுவிவிடக் கூடாது. அடியில் இறுக்கமாக ஒட்டியிருக்கும் பூச்சை முழுதாக எடுக்காமல் அதன்மேலேயே புதிதாகப் பூசிவிடுவதும் நல்ல வழி.

பழைய பிளைவூட் விடயத்தில் என் கருத்து முற்றிலும் எதிரானது. பனை காலத்தால் சோதிக்கப்பட்டது. பிளைவூட் காலத்தால் கெடுக்கப்படுவது. அதன் உறுதி மரத்தில் பாதி, மெல்லிய மரத் தட்டுகளை ஒட்டியிருக்கும் பசையில் பாதி. பசையின் வயதையும் வகையையும் வெளியே நின்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. உள்வீட்டுப் பாவனைக்கான மலிவுப் பிளைவூட் தாள்கள் யூரியா சார்ந்த பசையால் ஒட்டப்படுகின்றன, ஈரத்தில் விடுபடும். நீரைத் தாங்கும் தாள்களுக்கும் கொங்கிறீற் வேலைக்கான பளபளப்பான கபிலநிறத் தாள்களுக்கும் பீனோல் சார்ந்த பசை. இவை ஈரத்தைத் தாங்கும். ஆயினும் கொங்கிறீற் வேலைத் தாளின் வலிமை அதன் மேலுறையில் இருக்கிறது. உத்தரத்துக்கும் தூணுக்குமாக வெட்டி, ஆணி அடித்து, பிடுங்கி, மறுபடி வெட்டிய தாளின் விளிம்புகளில் உறை இல்லை. அங்கேதான் தண்ணீர் ஏறி விளிம்பு தடிக்கிறது. 18 மில்லிமீற்றர்த் தாளொன்றின் நடுவையும் விளிம்பையும் அளந்து பாருங்கள். விளிம்பு 20ஐத் தாண்டியிருந்தால் உள்ளே தட்டுகள் பிரியத் தொடங்கிவிட்டன. ஒரு நாணயத்தால் தாளின் முகமெங்கும் தட்டினாலும் தெரியும். பிரிந்த இடம் வெறுமையாக ஒலிக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், நீர் தாங்கும் தாளென்று சொல்லி விற்கப்பட்ட மிச்சத் துண்டுகளை வாங்கிக் குசினித் தொட்டியின் கீழே அலுமாரி செய்வித்தேன். அந்த ஐப்பசி மழைக்குள், குழாயில் ஒழுக்கு எதுவும் இல்லாதபோதே, காற்றின் ஈரத்தில் மட்டும், கதவின் கீழ்விளிம்பு பொருக்கு வெடித்ததைப் போல ஏடு ஏடாகக் கிளம்பிற்று. அதன் பின்னர் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன்: பழைய தாளாயினும் மிச்சத் துண்டாயினும், கைப்பெருவிரல் அகலத்தில் ஒரு துண்டு வெட்டி, சட்டியில் போட்டு மூன்று நான்கு மணித்தியாலம் கொதிக்க விட்டு, பின்னர் வெயிலில் காய வைப்பது. யூரியாப் பசையாயின் ஏடுகள் தாமாகவே பிரியும். பிரியாத துண்டை நகத்தாலும் கத்தியாலும் பிளக்க முயன்று, மரம் கிழிந்து பசை நின்றால் அந்தத் தாளை நம்பலாம். விறகு அடுப்பு எரியும் வீட்டில் இந்தச் சோதனைக்குச் செலவே இல்லை. இதற்குரிய சட்டியை மீண்டும் சமையலுக்கு எடுக்க வேண்டாம்.

கொங்கிறீற் வேலையிலிருந்து வரும் பலகையிலும் தாளிலும் இன்னொரு சிக்கல் எண்ணெய். கொங்கிறீற் ஒட்டாமல் கழன்று வருவதற்காகப் பல இடங்களில் பழைய எஞ்சின் ஒயிலையே பூசுகிறார்கள். அது மரத்துக்குள் ஊறியபின் வர்ணமும் பிடிக்காது, பசையும் பிடிக்காது, மணமும் போகாது. உணவுப் பொருள் வைக்கும் தட்டுக்கு அதை எடுக்கவே கூடாது. கறையானுக்கென்று கழிவு எண்ணெயை மரத்துக்குப் பூசும் வழக்கமும் எங்களிடம் இருக்கிறது. சுண்ணக்கல் நிலத்தில் வாழ்கிறோம். மேலே ஊற்றுவது கீழே கிணற்றில் இறங்க நாளெடுக்காது. 2014, 2015 ஆம் ஆண்டுகளில் சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்திருக்கிறதென்று எழுந்த அச்சத்தில் ஊர்கள் தண்ணீருக்கு அலைந்ததை மறக்க முடியுமா? கூரைக்குள் மழை படாத மரத்துக்குப் போரிக் அமிலமும் வெண்காரமும் கரைத்த நீரைப் பூசினாற் போதும். மழை படும் இடத்தில் அது கழுவுண்டு போய்விடும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அப்படியாயின் பழைய பிளைவூட்டை என்ன செய்வது? கொங்கிறீற் வேலைத் தாளுக்கு மிகப் பொருத்தமான இரண்டாவது வாழ்வு இன்னொரு கொங்கிறீற் வேலைதான். எமது பத்தியின் சுவரைச் சுற்றி வரும் கொங்கிறீற் வளையத்துக்குப் பலகை அடிக்க நண்பர் ஒருவரின் வீட்டு மிச்சத் தாள்களை எடுத்தோம். வேலை முடிந்ததும் அடுத்த தெருவில் வீடு கட்டுபவர் எடுத்துச் சென்றார். களஞ்சிய அறையில் நிலத்திலிருந்து உயர்த்திய மேடைக்கும், தச்சு வேலை மேசைக்கும், கோழிக்கூட்டின் பின்சுவருக்கும் அது உதவும். குசினி அலுமாரிக்கு வேண்டாம். அங்கே புதிய, நீர் தாங்கும், வகை தெரிந்த தாளை முழு விலை கொடுத்து வாங்கினேன். எட்டுக்கு நாலு அடித் தாள் ஒன்றே போதுமாயிற்று. சிப்போட்டும் அதைப் போன்ற மரத்தூள் பலகைகளும் ஒருமுறை நீர் குடித்து ஊதினால் மீளவே மாட்டா. அவற்றை இலவசமாகத் தந்தாலும் ஏற்ற வேண்டாம்.

பலற் தட்டுகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கப்பலில் வந்த தட்டாயின் கோதுமைக் கதிர் முத்திரையும் அருகே எழுத்துக் குறியும் சுட்டிருக்கும். எச்.ரி. என்றிருந்தால் மரத்தின் நடுப்பகுதி வரை 56 பாகை செல்சியசில் 30 நிமிடம் சூடாக்கப்பட்டது; எம்.பி. என்றிருந்தால் மெதைல் புரோமைட்டு என்ற நச்சு வாயுவால் புகையூட்டப்பட்டது, அதை விட்டுவிட வேண்டும். குறியே இல்லாத தட்டிலும், எதையோ சிந்திக் கறை பிடித்த தட்டிலும் கை வைக்க வேண்டாம். மரம் பெரும்பாலும் பைன். சூடாக்கியது அந்த நாளில் உள்ளேயிருந்த பூச்சியைத்தான் கொல்லும். எமது மண்ணின் கறையானுக்கு அது விருந்து. பூச்சட்டி வைக்கும் தட்டு, பிள்ளைகளின் புத்தகத் தட்டு, இவ்வளவே அதற்கு ஏற்ற வேலை. பாரம் தாங்கும் எந்த உறுப்புக்கும் அதை நினைக்கக் கூடாது. இதோடு சேர்த்து ஒன்று: பழைய ரயில் சிலிப்பர் கட்டைகள் எங்கேனும் விலைக்கு வந்தால் ஆசைப்பட வேண்டாம். யுத்த காலத்தில் பாதையோடு பெயர்க்கப்பட்டுப் பதுங்குகுழிகளுக்குப் போனவை அவை, அரச சொத்து, கிரியோசோற் என்ற நச்சுத் தார் எண்ணெய் ஊறியவை. வீட்டுக்குள் வைக்கத் தக்கவையல்ல, எரிக்கவும் தக்கவையல்ல.

புதிய பொருளுக்குரிய இடத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஒரே அளவில், ஒரே நீளத்தில், இரண்டே நாளில் கூரை முடிய வேண்டுமென்றால் பெட்டி இரும்பும் தகரச் சீற்றும் வெல்லும். கறையான் பயமில்லை, தச்சுக்கூலி குறைவு. எனினும் கடற்கரையை அண்டிய ஊர்களில் உப்புக்காற்று வெல்டிங் பொருத்துகளையே முதலிற் பிடிக்கிறது. சித்திரை வெயிலில் தகரத்தின் கீழ் இருந்து சமைப்பவருக்கு ஓட்டின் அருமை தெரியும். நேரம் இல்லாதவருக்குப் பழைய மரம் பொருந்தாது. தேடுவதற்கு, இறக்குவதற்கு, துப்புரவாக்குவதற்கு, காய விடுவதற்கு என்று எங்களுக்கு இரண்டரை மாதங்கள் சென்றன. சித்திரையில் தொடங்கியதால் சோளகக் காற்றில் மரம் நன்றாகக் காய்ந்தது. இதே வேலையை ஆவணியின் பின்னர் தொடங்கியிருந்தால் ஐப்பசி மழை பிடித்திருக்கும். பழைய கூரையில் அஸ்பெஸ்ரஸ் சீற் கலந்திருந்தால் அதை உடைத்து இறக்கக் கூடாது, நனைத்து முழுச் சீற்றாகவே கழற்ற வேண்டும். அந்த நேரமும் கணக்கில் வர வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக நான் வைக்கும் கேள்வி ஒன்றுண்டு: இந்த மரம் யாருடையது? எங்கள் குடும்பம் 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து வெறுங்கையோடு இடம்பெயர்ந்தது. காணி விடுவிக்கப்பட்டு நாங்கள் போய்ப் பார்த்தபோது சுவர் நின்றது. கூரை இல்லை, நிலை இல்லை, யன்னல் இல்லை. கைமரம் இருந்த பள்ளங்கள் சுவர்த் தலைப்பில் வரிசையாகத் திறந்து கிடந்தன. அந்த மரங்கள் எரிந்து போகவில்லை; எங்கோ ஒரு கூரையில் இருக்கின்றன. இதை அனுபவித்தவர்கள் குடாநாட்டில் ஆயிரக்கணக்கானோர். ஆகையால் ஆளில்லாத வளவிலிருந்து இரவில் வந்த மரமோ, எந்த வீட்டிலிருந்து வந்ததென்று விற்பவரால் சொல்ல முடியாத மரமோ எவ்வளவு மலிவாயினும் என் வீட்டுக்கு வேண்டாம். நாங்கள் வாங்கிய கூரைக்கு, வெளிநாட்டிலிருக்கும் உரிமையாளரின் சம்மதக் கடிதத்தைக் கேட்டுப் பெற்றோம். கிராம அலுவலரிடம் காட்டி, லொறியில் ஏற்றுவதற்கு என்ன பத்திரம் வேண்டும் என்பதையும் முன்னதாகவே கேட்டுக்கொண்டோம். பனை தறிப்பதற்கும் மரம் ஏற்றிச் செல்வதற்கும் அனுமதி பார்க்கப்படும் நாட்டில், பழைய மரமென்று வாயாற் சொல்வது வழியில் மறிப்பவருக்குப் போதாது.

இறுதியில் எமது பத்தியில் கைமரம் பழைய பனை, சிலாகை புதியது, வெளிக்கதவின் நிலை பழைய முதிரை, கதவு புதிய வேம்பு, குசினித் தட்டு புதிய பிளைவூட், வளையத்துக்கு அடித்த பலகை மட்டும் கைமாறி வந்து கைமாறிப் போனது. கைமரங்களைத் துடைத்தபோது, மேல்முனையில் உளியால் வெட்டிய கோடுகள் தெரிந்தன: ஒன்றில் மூன்று கோடு, அடுத்ததில் நாலு, பிறகு ஒரு பெருக்கல் குறி. எந்த மரம் எந்த இடத்தில் ஏற வேண்டும் என்று அந்த நாளில் கூரையேற்றிய தச்சர் இட்ட அடையாளம். எமது தச்சர் அவற்றைச் சீவவில்லை. தன் வரிசைக்கான குறியைச் சுண்ணக்கட்டியால் அதன் பக்கத்தில் எழுதினார். பதினாறில் இரண்டு உள்வரை உக்கியிருந்தன, பதினொன்று ஏறின. மிச்சம் மூன்றும் தாழ்வாரத்தின் கீழ், நிலத்தில் படாமல் கற்களின் மேல், காற்றுப் புகும்படி இடைவெளி விட்டு அடுக்கிக் கிடக்கின்றன. அயலில் ஒருவர் மாட்டுக் கொட்டிலுக்குக் கேட்டிருக்கிறார். மாரி முடியட்டும், தட்டிப் பார்த்துத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.